பேஸ் கிதாரின் கழுத்து ஏன் வளைகிறது?

பூந்தமல்லியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால் எங்கள் தெருவிலுள்ள மரக் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தகராறு செய்யத் தொடங்கும். வாசற்கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். மேசை இழுப்பறை திறக்க மறுக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். தை பிறந்தால் தானே சரியாகிவிடும் என்று சிலர் காத்திருப்பார்கள். பொறுமையற்றவர்கள் தச்சரை அழைத்து விளிம்பை இழைத்துவிடுவார்கள். நாங்கள் இரண்டாம் வகையினர்.

அப்படிப்பட்ட ஒரு கார்த்திகை மாலையில், அடுத்த தெருவில் வசிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தோளில் நீண்டதோர் உறையை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். உறைக்குள் இருந்தது பேஸ் கிதார். நெடுஞ்சாலை ஓரத்துத் திருமண மண்டபங்களில் பாடும் மெல்லிசைக் குழு ஒன்றில் அவன் அதை வாசிக்கிறான். இரண்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பழைய கருவியாக வாங்கியது.

"சார், கழுத்து போயிடுச்சுன்னு சொல்றாங்க. புதுக் கழுத்துப் போடணுமாம். இல்லைன்னா வித்துட்டு வேற வாங்கணுமாம்."

புதுக் கழுத்தின் விலை, அவன் அந்தக் கருவிக்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல். பத்து நாளில் கச்சேரி. கழுத்து போய்விட்டதா, இல்லையா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். அளந்தோம். அளந்தபோது நாங்கள் பயன்படுத்தியவை அனைத்தும் உங்கள் இயற்பியல் பாடநூலில் உள்ளவைதாம். ஆகையால் அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான்கு கம்பிகள், 80 கிலோ

திரைப்பாடல்களில் தாளத்தோடு சேர்ந்து அடியில் முழங்கும் கனத்த ஒலியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதைத் தருவதே பேஸ் கிதார். 1976ஆம் ஆண்டு முதல் வந்த இளையராஜாவின் பாடல்களில் இக்கருவி பக்கத்துணையாக மட்டும் நில்லாமல், தனக்கென ஒரு மெட்டையே பாடிச் செல்வதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம். முற்காலத்தில் இந்த வேலையைச் செய்தது ஆள் உயரமுள்ள பெரிய டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வதே ஒரு பாடு. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951ஆம் ஆண்டில் தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய மின் பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் பெயர் பிரெசிஷன் பேஸ். துல்லியம் என்று பொருள்படும் அப்பெயர் வரக் காரணம், வீணையில் உள்ளதுபோல் அதன் கழுத்தில் மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்ததுதான். விரலை எங்கே வைத்தாலும் சுரம் பிசகாது என்பது விளம்பரம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பின்னால் காண்போம்.

இக்கருவியின் உறுப்புகளை நம் வீணையின் பெயர்களாலேயே அழைப்போம். உடலின் மேல் கம்பிகளைத் தாங்குவது குதிரை. கழுத்தில் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகள் மெட்டுகள். கழுத்தின் மறுமுனையில் கம்பிகள் படிந்து செல்லும் சிறு துண்டைத் தலைக்கட்டை என்று சொல்வோம். தலைக்கட்டைக்கும் குதிரைக்கும் இடையே உள்ள தூரம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மி.மீ. நான்கு கம்பிகளின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். மேல்நாட்டார் இவற்றை ஈ, ஏ, டி, ஜி என்று அழைப்பர்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெட்டி, அதன் மேல் ஒரு கம்பி, கம்பியை இழுக்க எடைக் கற்கள். பேஸ் கிதார் நான்கு கம்பி கொண்ட சுரமானியே. மெர்சேன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636இல் வெளியிட்ட விதிகள் இதற்கும் பொருந்தும்: அதிர்வெண் கம்பியின் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்; இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்; ஒரு மீட்டர் கம்பியின் நிறைக்கு வர்க்கமூல எதிர்விகிதத்தில் இருக்கும்.

கனத்த ஈ கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை மீட்டருக்குச் சுமார் 36 கிராம். நீளத்தை இரண்டால் பெருக்கி, அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் கம்பியில் அலை செல்லும் வேகம் கிடைக்கும்: 2 × 0.864 × 41.2, ஏறத்தாழ நொடிக்கு 71 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை நிறையால் பெருக்கினால் இழுவிசை. 71 × 71 × 0.036, சுமார் 181 நியூட்டன். இது ஏறக்குறைய பதினெட்டரை கிலோ எடைக்குச் சமம். மற்ற மூன்றுக்கும் இவ்வாறே கணக்கிட்டுக் கூட்டினால், நான்கு கம்பிகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ எடையின் அளவுக்கு இழுப்பது தெரியவரும். ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஒன்றரை மூட்டைக்கு மேற்பட்ட சுமையை, உங்கள் கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு மரக்கழுத்து இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது. சுவரில் மாட்டி வைத்திருக்கும்போதும் அதற்கு ஓய்வு கிடையாது.

வில்லும் நாணும்

தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இனி வருவது எளிதில் விளங்கும். வில்லின் இரு முனைகளையும் நாண் இழுக்கிறது, தண்டு வளைகிறது. கம்பிகள் கழுத்தின் முன்பக்கத்தில் மட்டும் இழுப்பதால், கழுத்தும் வில்லைப் போலவே வளைய முயல்கிறது. தலை முன்னோக்கி வரும்; நடுப்பகுதி கம்பிகளை விட்டுப் பின்வாங்கிப் பள்ளமாகும். வில்லுக்கு இந்த வளைவு வேண்டும், கிதாருக்கு வேண்டாம்.

மரத்தை மட்டும் நம்பினால் கழுத்தைத் தடிமனாகச் செய்ய வேண்டியிருக்கும். ஒரு சட்டம் வளையாமல் எதிர்த்து நிற்கும் திறன் அதன் கனத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கழுத்தின் கனத்தைப் பத்தில் ஒரு பங்கு இழைத்துவிட்டால், 0.9ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 0.73. திறனில் கால்பங்குக்கு மேல் போய்விடுகிறது. உப்புத்தாள் போட்டுக் கழுத்தைத் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

தடிமனுக்கு மாற்று வழி உண்டு. கொடிக்கம்பத்தை ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டி இழுத்தால் சாயும். எதிர்ப்பக்கமும் ஒரு கயிறு கட்டினால் நேராக நிற்கும். கழுத்துக்குள் நீளவாக்கில் ஒரு பள்ளம் தோண்டி, அதில் எஃகுத் தண்டு ஒன்றைப் புதைத்து, அதன் முனையில் திருகு வைத்திருக்கிறார்கள். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ என்பவருக்கு 1923இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. ட்ரஸ் ராட் என்பது அதன் பெயர். முன்பக்கம் கம்பிகள் இழுக்க, பின்பக்கமாகத் தண்டு இழுக்க, நடுவில் மரம் நிமிர்ந்து நிற்கிறது. திருகைக் கடிகாரச் சுற்றில் முறுக்கினால் கழுத்து பின்னோக்கி நிமிரும். எதிர்ச் சுற்றில் தளர்த்தினால் கம்பிகளின் இழுப்புக்கு இடங்கொடுத்து முன்னோக்கி வளையும்.

சமநிலை என்றால் இரு தரப்பும் மாறாமல் இருக்க வேண்டும் அல்லவா? கம்பிகள் எஃகு, ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தண்டும் அப்படியே. இடையில் உள்ள மரம்தான் கதவைப் போல நடந்துகொள்கிறது. மேலும் கழுத்து பெரும்பாலும் ஒரே மரத்தாலானது அன்று. முதுகுப் பகுதி மேப்பிள் மரம். மெட்டுகள் பதிந்த மேல் பலகை பல கருவிகளில் நமது மேற்கு மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரம். (நம் காட்டு மரம் கப்பலேறிப் போய், கிதாராகத் திரும்பி வந்து, பூந்தமல்லிக் கல்யாணத்தில் வாசிக்கப்படுகிறது!) மேப்பிளுக்கு மெருகெண்ணெய் பூசியிருப்பார்கள்; ஈட்டிப் பலகையை வெறுமையாக விட்டிருப்பார்கள். இரண்டும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் ஏற்று, வெவ்வேறு அளவில் பருக்கின்றன. மின் சலவைப் பெட்டியில் உள்ள ஈருலோகப் பட்டை சூட்டால் வளைவதுபோல, இந்த ஈர்மரப் பட்டை ஈரத்தால் வளைகிறது. எந்தத் திசையில் என்பது மரத்தையும் பூச்சையும் பொறுத்தது. எல்லாக் கழுத்துகளும் மழைக்காலத்தில் ஒரே பக்கம் வளையும் என்று எண்ணிவிட வேண்டாம்.

நூல் பிடித்துப் பார்த்தல்

சரி, வளைவை அளப்பது எப்படி? சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் எப்படிப் பார்க்கிறார்? நூல் பிடித்துப் பார்க்கிறார். இறுக இழுத்துக் கட்டிய நூலை விட நேரான பொருளை எளிதில் காண முடியாது. நம்மிடமோ 18 கிலோ எடையால் இழுக்கப்பட்ட நூல் கழுத்தின் மேலேயே இருக்கிறது!

ஈ கம்பியை முதல் மெட்டில் ஒரு விரலாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டில் மறு கை விரலாலும் அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது கம்பி, அவ்விரு மெட்டுகளையும் இணைக்கும் நேர்கோடு. நடுவில், எட்டாம் மெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அதுதான் கழுத்தின் வளைவு. இதை அளக்க மோட்டார் மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் போதும். மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறிபோல் விரியும். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வண்டிப் பட்டறைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள்; அதன் கனம் ஏறக்குறைய 0.3 மி.மீ.

இடைவெளி பூச்சியமாக இருப்பதுதானே நல்லது என்று கேட்பீர்கள். இல்லை. மீட்டிய கம்பி கோடாக நிற்பதில்லை. இரு முனைகளில் கணுவும் நடுவில் எதிர்க்கணுவும் கொண்டு, நடுவில் அகன்று ஊசலாடுகிறது. கழுத்து அளவுகோல் போல நேராக இருந்தால், அகன்று ஆடும் கம்பி மெட்டுகளில் தட்டி 'கிர்ர்' என்று இரையும். ஆகவே கம்பியின் ஆட்டத்துக்கு இடம் விட்டு, கழுத்தும் மிக இலேசாகக் குழிந்திருக்க வேண்டும். பேஸின் கனத்த கம்பிகள் சாதாரணக் கிதாரின் கம்பிகளை விட அகலமாக ஆடுவதால் இதற்குச் சற்றுக் கூடுதல் குழிவு தேவை. 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருந்தால் நன்று.

நம் மாணவனின் கிதாரில் இருந்த இடைவெளி 1.1 மி.மீ.

இப்போது அவன் சொன்ன குறைகள் ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கின. கழுத்து பள்ளமானதால் நடுப்பகுதியில் கம்பிகள் உயர்ந்து, அழுத்த விரல் வலித்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, அவன் குதிரையில் உள்ள திருகுகளை இறக்கிக்கொண்டே போயிருக்கிறான். அதனால் உடலின் பக்கம் உள்ள மெட்டுகளில் கம்பி படிந்து இரைந்தது. ஒரு பக்கம் உயரம் அதிகம், மறுபக்கம் இரைச்சல். ஏற்றினால் வலி, இறக்கினால் இரைச்சல். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர் கழுத்து போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னதில் வியப்பில்லை. மெட்டுகளை அரம் போட்டுத் தேய்த்தால் இரைச்சல் போகும் என்றும் ஒருவர் சொன்னாராம். நல்லவேளையாக அதற்குள் அவன் இங்கே வந்துவிட்டான். தேய்த்த மெட்டை மீண்டும் வளர்க்க முடியாது.

கால் சுற்று

தண்டின் திருகைத் திருப்புவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இது என் சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் பேஸ் கிதாரைச் சரிசெய்வதாகச் சொல்லி வாங்கி வந்தேன். திருகு இறுகியிருந்தது. இயற்பியல் படித்த கர்வத்தில், சாவிக்கு ஒரு குழாயை மாட்டி நீளமாக்கி, ஒரு முழுச் சுற்றுத் திருப்ப முனைந்தேன். 'டக்' என்று ஓர் ஒலி. அதற்குப் பிறகு திருகு வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றியது. உள்ளே தண்டு முறிந்துவிட்டது. புதுக் கழுத்துக்கு என் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தேன்; நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

நான் மறந்த கணக்கு இது. சாவியின் கை 6 செ.மீ., திருகின் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1 மி.மீ. என்று கொள்வோம். கை ஒரு சுற்றுச் சுற்றினால் 377 மி.மீ. நகர்கிறது, அதற்குத் தண்டு நகர்வது 1 மி.மீ. உராய்வு இல்லையென்றால் விசை 377 மடங்கு பெருகும். உராய்வு அதில் பெரும்பங்கை விழுங்கிவிட்டாலும் மிச்சமுள்ளது ஒரு மெல்லிய தண்டை முறிக்கப் போதுமானது. நானோ குழாயை மாட்டி அதையும் பெருக்கியிருந்தேன்.

எனவே இம்முறை கம்பிகளை முதலில் தளர்த்தினோம். சுமை குறைந்தால் திருகுக்கு வேலை எளிது. திருகின் குழிக்குச் சரியாகப் பொருந்தும் அறுகோணச் சாவியைத் தேடிப் பிடித்தோம். அங்குல அளவுக் குழியில் மில்லிமீட்டர்ச் சாவியைப் போட்டால் மூலைகள் மழுங்கி, பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும். மீண்டும் கம்பிகளைச் சுரம் கூட்டி இடைவெளியை அளந்தோம்: 0.8. அன்று அத்தோடு விட்டுவிட்டோம். மரம் புதிய சமநிலைக்கு வர நேரம் வேண்டும். மறுநாள் மாலை அளந்தபோது தானாகவே 0.75 ஆகியிருந்தது. இன்னொரு கால் சுற்று, 0.5. மூன்றாம் நாள் அதிலும் பாதி. 0.35 மி.மீ.

"போய்விட்ட" கழுத்து திரும்பி வந்துவிட்டது.

எல்லாக் கழுத்தும் இப்படித் திரும்பும் என்று சொல்ல மாட்டேன். திருகு முழுவதும் முறுக்கப்பட்டும் வளைவு குறையாத கழுத்து உண்டு. முறுக்குக் கயிறுபோல் திருகிக்கொண்ட கழுத்தும் உண்டு. தண்டு ஒரு தளத்தில் மட்டுமே வேலை செய்வதால் முறுக்கலுக்கு அதனிடம் மருந்தில்லை. அவற்றுக்குக் கைதேர்ந்த வினைஞரே தேவை.

உயரம்

கழுத்து நிமிர்ந்ததும் கம்பிகள் மிகவும் தாழ்ந்துவிட்டன. அவன் குதிரையை இறக்கி வைத்திருந்தான் அல்லவா? பன்னிரண்டாம் மெட்டில் அளந்தால் 1.5 மி.மீ. அங்கே 2 முதல் 2.5 மி.மீ. வரை இருக்கலாம், மென்மையாக வாசிப்பவர் தாழ்வாகவும், ஓங்கி அடிப்பவர் உயரமாகவும் வைத்துக்கொள்வர். நாங்கள் 2.3 என்று முடிவு செய்தோம். 0.8 மி.மீ. ஏற்ற வேண்டும். குதிரையை எவ்வளவு உயர்த்துவது? பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் சரிபாதியில் உள்ளது. ஒத்த முக்கோணங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: குதிரையில் 1 மி.மீ. உயர்த்தினால் நடுவில் அரை மி.மீ. உயரும். எனவே 1.6 மி.மீ. உயர்த்தினோம். இரைச்சல் நின்றது.

குதிரையை அடிமட்டம் வரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருக்கும் கருவிகளும் உண்டு. அங்கே பிழை கழுத்தின் வளைவில் இல்லை. உடலோடு அது சேரும் கோணத்தில் இருக்கிறது. கழுத்தைத் திருகாணிகளால் பொருத்திய கருவியானால், அது அமரும் குழியின் உட்கோடியில் மெல்லிய பட்டை ஒன்றை வைத்துக் கோணத்தை மாற்றுவார்கள். அரை மில்லிமீட்டர்ப் பட்டை குதிரையருகே 2 மி.மீ. அளவுக்கு மாற்றம் தரும். ஒரே ஒரு மெட்டில் மட்டும் இரைச்சல் என்றால் அடுத்த மெட்டு எழும்பியிருக்கிறது என்று பொருள். மூன்று மெட்டுகளின் மேல் ஒரு சிறிய எஃகு அளவுகோலை வைத்தால், நடு மெட்டு உயர்ந்திருந்தால் அது ஊஞ்சல்போல ஆடிக் காட்டிக்கொடுக்கும்.

மெழுகில் உள்ள வசதி

இனி சுரத்துக்கு வருவோம். மெட்டுகளின் இடம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? ஒவ்வோர் அரைச்சுரமும் முந்தையதை விடச் சுமார் 6 விழுக்காடு அதிர்வெண் கூடியது. பன்னிரண்டு அரைச்சுரம் ஏறினால் அதிர்வெண் இருமடங்கு. ஆகவே பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 432 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி யாழ் போன்ற லூட் என்னும் கருவியை வாசிப்பவர். மீதமுள்ள நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டை வைப்பது என்ற எளிய விதியை அவர் 1581இல் எழுதிய நூலில் ஆதரித்தார். சரியான எண் 17.817. பதினெட்டு என்று வைத்து நம் பேஸுக்குக் கணக்கிட்டால் பன்னிரண்டாம் மெட்டு 435 மி.மீ.யில் விழும், 3 மி.மீ. பிழை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிழையிலும் ஒரு நன்மை இருந்தது.

கம்பியை மெட்டில் அழுத்தும்போது நீளம் மட்டுமா மாறுகிறது? கம்பி கீழே இறங்குவதால் சற்று நீள்கிறது. 2.3 மி.மீ. உயரத்திலிருந்து பன்னிரண்டாம் மெட்டுக்கு அழுத்தினால், பிதகோரஸ் தேற்றப்படி கூடும் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே. இது ஒரு பொருட்டா? எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகா பாஸ்கல். அவ்வளவு விறைப்பான பொருளில் இந்த நுண்ணிய நீட்சியும் இழுவிசையை ஓரிரு நியூட்டன் கூட்டிவிடும். 181இல் 2 என்றால் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். வர்க்கமூலம் எடுத்தால் அதிர்வெண்ணில் அரை விழுக்காட்டுக்கு மேல். அரைச்சுரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு! நல்ல செவி இதைப் பிடித்துவிடும். அழுத்திய சுரம் எப்போதும் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். வின்சென்சோவின் மெட்டு குதிரைக்குச் சற்றுத் தள்ளி இருந்ததால் சுரம் சற்று இறங்கி, இரண்டு பிழைகளும் ஓரளவு கழிந்துபோயின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீட்சி உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. கம்பியின் உயரம் இருமடங்கானால் சுரப்பிழை நான்கு மடங்கு. எனவே உயரத்தைச் சரிசெய்வதற்கு முன் சுரத்தைச் சரிசெய்வது வீண் வேலை. உயரமோ கழுத்தின் வளைவைப் பொறுத்தது. முதலில் கழுத்து, பிறகு உயரம், பிறகு சுரம் என்ற வரிசையை மாற்றினால் செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நம் மாணவன் மூன்று மாதம் அப்படித்தான் சுற்றியிருக்கிறான்.

தஞ்சாவூர் வீணையில் இதைச் சரிசெய்யும் முறை வேறு. அதன் 24 மெட்டுகளும் மெழுகுப் படுகையில் பதிந்துள்ளன. வினைஞர் ஒவ்வொரு மெட்டையும் கம்பியை மீட்டி, செவியால் கேட்டு, மெழுகை இளக்கி நகர்த்தி உரிய இடத்தில் நிறுத்துகிறார். கம்பி நீள்வதால் வரும் பிழை, கம்பியின் விறைப்பால் வரும் பிழை எல்லாம் அந்தச் செவியிலேயே கழிக்கப்பட்டுவிடும். கணக்குப் போடாமல் கணக்கைத் தீர்க்கும் கலை அது. எனக்கு அதன் மேல் பெரு மதிப்பு உண்டு. ஆனால் மெழுகு வெயிலில் இளகும்; மெட்டுகளை மறுபடியும் பதிக்க வேண்டிவரும். பேஸில் மெட்டுகள் மரத்தில் அறைந்தவை, நகரா. அதனால் குதிரையை நகர்த்துகிறோம். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே முன்னும் பின்னும் நகரும் துண்டு அங்கே இருக்கிறது.

சோதனை எளிது. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டுக்கொண்டு மீட்டினால், அங்கே ஒரு கணு உண்டாகி, மேற்சுரம் மணிபோல் ஒலிக்கும். ஈ கம்பிக்கு அது 82.4 ஹெர்ட்ஸ். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. அழுத்திய சுரம் ஏறியிருந்தால் குதிரைத் துண்டைப் பின்னே தள்ளிக் கம்பியை நீளமாக்க வேண்டும். இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவர வேண்டும். இன்று கைப்பேசியிலேயே அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் இருப்பதால் இது அரைமணி வேலை. கனத்த கம்பிக்குத் துண்டு மிகவும் பின்னுக்குப் போகும். கம்பிகள் பழையதாகி, வியர்வையும் துருவும் சுருள்களுக்கிடையே அடைத்திருந்தால் நிறை எங்கும் ஒரே சீராக இராது; எவ்வளவு நகர்த்தினாலும் சுரம் நிற்காது. இரவு எட்டு மணி வரை போராடிய பிறகே இது எனக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் அவன் புதுக் கம்பிகள் வாங்கி வந்தான். கால்மணியில் முடிந்தது.

உடலில் உள்ள பிக்கப்பையும் ஒரு பார்வை பார்த்தோம். கம்பியின் அசைவை மின்னோட்டமாக மாற்றுவது அதிலுள்ள காந்தமும் கம்பிச்சுருளும்தான். காந்தம் எஃகுக் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் கம்பியைத் தன்பால் இழுத்து அதன் ஆட்டத்தையே கெடுக்கும். எவ்வளவு கூட்டினாலும் சுரம் சேராது. திருகைச் சுற்றி அதைச் சற்று இறக்கினோம்.

கடைசியில் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்துச் சுரம் கூட்டும்போது, வகுப்பில் பலமுறை கரும்பலகையில் எழுதியும் புரியாத விம்மல்களை அவன் காதால் கேட்டான். ஈ கம்பியின் ஐந்தாம் மெட்டுக்கு மேல் தொட்டால் நான்கு மடங்கு, 164.8 ஹெர்ட்ஸ். ஏ கம்பியின் ஏழாம் மெட்டுக்கு மேல் தொட்டால் மூன்று மடங்கு, 165 ஹெர்ட்ஸ். இரண்டையும் ஒருசேர ஒலிக்கவிட்டால் ஒலி எழுந்து தாழ்வதைக் கேட்கலாம். கம்பிகள் விலகியிருக்கும்போது விம்மல் படபடவென்று வரும். நெருங்க நெருங்க மெதுவாகும். சரியாகக் கூட்டிய நிலையிலும், அவ்விரு எண்களின் நுண்ணிய வேறுபாட்டால், ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒரு விம்மல் மிஞ்சும். அதை அவன் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினான். நானும் கூட அமர்ந்து எண்ணினேன்.

கச்சேரி நன்றாக நடந்தது என்று அவனுடைய தாயார் சொன்னார். போகும்போது அவனிடம் ஒரு பழைய ஃபீலர் கேஜையும், தேதி போட்டு இடைவெளியை எழுதி வைக்க ஒரு குறிப்பேட்டையும் கொடுத்திருந்தேன். அக்னி நட்சத்திரம் முடியும் தறுவாயில் மீண்டும் வந்தான். தலைப்பக்கத்து மெட்டுகளில் இரைகிறது என்றான். குறிப்பேட்டைப் புரட்டினேன். கார்த்திகையில் 0.35, தையில் 0.3, பங்குனியில் 0.2, அன்று காலை 0.15. மழையில் முறுக்கியது வெயிலில் மிகுதியாகிவிட்டது. சாவியை அவனே எடுத்தான். எதிர்ச் சுற்றில் கால் சுற்று தளர்த்திவிட்டு, நாளை வந்து அளப்பதாகச் சொல்லிப் புறப்பட்டான்.

அவன் போனபின் வாசற்கதவைச் சாத்தினேன். கார்த்திகையில் தச்சர் இழைத்துவிட்டுப் போன கதவு. இப்போது நிலைக்கும் அதற்கும் இடையே விரல் நுழையும் அளவுக்குச் சந்து. காற்றடித்தால் இரவெல்லாம் தடதடக்கிறது.